சிரட்டைக் கரியா, சீமைக்கருவேலங்கரியா?

மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி இருக்கும் காரைக்குடியில், பென்சைல் ஆல்கஹால் போன்ற ஆல்கஹாலை மின்சாரத்தால் ஆக்சிஜனேற்றுவதற்கு, தாவரக் கரியில் மின்வாய் (கரைசலுக்குள் மின்சாரம் செலுத்தும் முனை) செய்யலாம் என்று ஒருவர் கிளம்பினால், முதலில் கை போவது சிரட்டைக்குத்தான். நான் சீமைக்கருவேலத்தின் பக்கம்.

சிரட்டைக் கரியில் சாம்பல் குறைவு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 700–800 டிகிரியில் சுட்டால் கிராமுக்கு 1000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு கிடைக்கும். சரி, ஆனால் அதில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. மின்தேக்கிக்கு அது வசதி. பென்சைல் ஆல்கஹால் உள்ளே போய், மாறி, வெளியே வர நெருக்கடி. போதாததற்கு, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது ஆல்கஹால் ஒரு துளி இல்லாமலே பெரிய மின்னோட்டம் காட்டும். அது துளைச் சுவர்களில் அயனிகள் சேர்வதால் வருவது. ஆல்கஹால் சேர்க்காத வெறும் மின்பகுளிக் கரைசலில் எடுத்த வரைகோட்டையும் பக்கத்தில் காட்டாத வரைபடத்தை நான் நம்புவதில்லை.

சீமைக்கருவேலத்தைக் குறுக்கே வில்லையாக அறுத்து மெதுவாகச் சுட்டால், மரம் நீர் ஏற்றிய குழாய்கள் அப்படியே நிற்கும். கரைசலை அதற்குள் ஓடவிடலாம். பொடியும் பசையும் வேண்டாம். விறகை மண்ணால் மூடிச் சுட்ட மூட்டத்துக் கரியை நேரே எடுக்காதீர்கள். 500 டிகிரியோடு நின்ற கரி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது; நைட்ரஜனில் 900 வரை கொண்டுபோக வேண்டும். அப்புறம் அமிலத்தில் கழுவி நிக்கல் படியவைக்க வேண்டும். ஏனென்றால் காரக் கரைசலில் உண்மையில் வேலை பார்ப்பது நிக்கல்தான், கரி அதைத் தாங்குகிறது. நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றிவிட்டு ஹைட்ராக்சைடாகத் திரும்பும். முதல் கட்ட விளைபொருளான பென்சால்டிஹைடோடு பெரும்பாலும் நிற்காது, அடுத்த கட்டமான பென்சோயேட் வரை போய்விடும். ஆல்டிஹைடுதான் வேண்டுமென்றால் இந்த வழி சரிப்படாது.

வில்லையில் தொல்லையும் உண்டு: விரிசல் விடும், துண்டுக்குத் துண்டு மாறும். வில்லையை மின்கம்பியோடு இணைக்கும் செப்புக் கிளிப் கரைசலில் நனைந்தால் செம்பும் ஆக்சிஜனேறி அந்த மின்னோட்டமும் கணக்கில் ஏறிவிடும்.

கரி செய்ய உமியும் உண்டு, மலிவு. ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், பெரும்பாலும் சிலிக்கா. அதைக் காரத்தில் கரைத்தெடுக்கிற சிரமத்தில் மலிவு போய்விடும்.

கிராஃபைட் தண்டு மூன்றையும்விட நன்றாகக் கடத்தும், ஒப்பிடவாவது ஒன்று வைத்திருங்கள். எந்தக் கரியானாலும் மின்னழுத்தம் அதிகமானால் தானே அரிபடும். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும் மின்வாயைக் கழுவிக் காயவைத்து எடை போடுங்கள். குறைந்திருந்தால், கணக்கில் வந்த மின்னோட்டத்தில் கரியின் பங்கும் இருக்கலாம்.