கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு பைன்ட்: லண்டனின் பிரின்சஸ் லூயிஸ் பப்

பொள்ளாச்சிச் சாலை கேரளத்துக்குள் நுழையும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில், கள்ளுக்கடையைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தெரியாதவர்களைக் காண்பது அரிது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லை தாண்டி வரும் இருசக்கர வண்டிகள் எதற்காக வருகின்றன என்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட ஊர்க்காரனான நான், லண்டனில் வேலை பார்க்கும் மகனிடம் போயிருந்தபோது, விக்டோரியா அரசி காலத்துப் பப் ஒன்றை அதன் பழைய அமைப்போடு பார்த்துவிட வேண்டும் என்று கேட்டேன். மகன் தயங்கினான். தகப்பனும் மகனும் ஒரே மேசையில் உட்கார்ந்து குடிப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கடைசியில், எனக்குப் பீர், அவனுக்கு லெமனேட் என்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

ஹை ஹோல்போர்ன் தெருவில் இருக்கும் பிரின்சஸ் லூயிஸ் 1872இல் கட்டப்பட்டது. விக்டோரியாவின் நான்காவது மகளின் பெயரைத் தாங்கிய இந்தப் பப், இன்று நாம் காணும் உள் அலங்காரத்தை 1891இல் பெற்றது. வெளியிலிருந்து பார்த்தால் தெருவின் மற்றக் கட்டடங்களில் ஒன்றாகவே தெரியும் அது, கதவைத் தள்ளியதும் வேறாகிவிடுகிறது: சுவரெங்கும் வண்ண ஓடுகள், கூரை வரை எழும் கண்ணாடிகள், செதுக்கிய கருமரம், புடைப்பு வேலை செய்த உயர்ந்த கூரை. கல்யாண மண்டபத்து ஜோடனை என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் காரணம் புரிந்தது. இங்கிலாந்தில் கண்ணாடிக்கு இருந்த வரி 1845இல் நீக்கப்பட்டு, பெரிய கண்ணாடிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. காற்றும் வெளிச்சமும் இல்லாத ஒற்றை அறைகளில் குடியிருந்த உழைப்பாளி மக்களை இழுக்க, வாயு விளக்கின் ஒளியைப் பல மடங்காக்கித் தெருவில் வீசும் கூடம் வியாபாரிக்குத் தேவைப்பட்டது. 1890களில் லண்டன் பப்களில் பணம் வெள்ளமாகப் பாய்ந்தபோது, ஒருவரை ஒருவர் மிஞ்சும் போட்டியில் இந்த அலங்காரங்கள் உச்சத்தைத் தொட்டன. ஆண்கள் கழிப்பறையில்கூடப் பளிங்கு. இவ்வளவையும் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அரசு பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பப்பில் பார்க்க வேண்டியவை அதன் தடுப்புகள். நடுவில் நீண்டு நிற்கும் கவுன்ட்டரைச் சுற்றி, மரச் சட்டத்தில் பூவேலைக் கண்ணாடி பதித்த தடுப்புகள் நின்று, இடத்தைச் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கின்றன. அந்தக் காலத்தில் ஒரே பப்புக்குள் கூலித் தொழிலாளிக்குப் பொதுப் பகுதி, குமாஸ்தாவுக்கும் கடைக்காரருக்கும் சலூன் எனப்பட்ட சற்று வசதியான பகுதி, கண்ணில் படாமல் குடிக்க விரும்புவோருக்குத் தனிப் பகுதி என்று வகுத்திருந்தார்கள். ஊற்றியது ஒரே கவுன்ட்டரிலிருந்துதான்; சலூனில் மட்டும் விலை சற்றுக் கூடுதல். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, அந்தக் கண்ணாடிப் பூக்களை வெறும் பூக்களாகப் பார்க்க முடியவில்லை. ஆனால் இரண்டும் ஒன்று என்றும் சொல்லிவிட முடியாது. அங்கே கையில் கூடுதலாகச் சில்லறை இருந்தால் தடுப்பைத் தாண்டலாம். இங்கே எவ்வளவு காசு இருந்தாலும் குவளை மாறாது.

இடையில் அகற்றப்பட்டிருந்த இந்தத் தடுப்புகளை, 2007–08இல் நடந்த சீரமைப்பின்போது பழைய அமைப்பைப் பின்பற்றித் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. பிரித்து வைக்க எழுந்த சுவர் இப்போது அழகுக்காக நிற்கிறது. எந்த அறையில் உட்கார்ந்தாலும் விலை ஒன்றே. அவை இல்லாவிட்டால் இது இரைச்சலான ஒரு பெரிய கூடமாகவே இருக்கும் என்பதையும், நான்கு பேர் உட்காரும் அந்தச் சிற்றறை எனக்கு மிகவும் பிடித்துப்போனது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துக் கள்ளுக்கடைகளிலும் தட்டியடித்த தனியறைகள் உண்டு. அவை மாமனார் கண்ணில் படாமல் இருக்க. அதே தேவையை லண்டன்காரர்கள் எவ்வளவு நுட்பமாகத் தீர்த்தார்கள் என்பதைப் பார்க்க விரும்புவோர், நடந்து போகும் தொலைவில் லேம்ஸ் கான்டூயிட் தெருவில் உள்ள தி லேம் பப்புக்கும் போக வேண்டும். ஊற்றிக் கொடுப்பவர் குடிப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாதபடி, கவுன்ட்டரின் மேல் முகத்தின் உயரத்தில் திருப்பி மூடும் சிறு கண்ணாடிச் சாளரங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன.

இனிப் பீர். பிரின்சஸ் லூயிஸை நடத்துவது, யார்க்‌ஷயரின் டாட்காஸ்டரில் 1758 முதல் இருக்கும் சாமுவேல் ஸ்மித் பீர் ஆலை. அவர்களுடைய ஓல்ட் புரூவரி பிட்டர் என்னும் பீர் மரப் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றப்படுகிறது. பனிக்கட்டி போன்ற பீரை எதிர்பார்த்துப் போகிறவர்கள் முதல் வாயிலேயே ஏமாறுவார்கள். நிலவறையின் குளிர்ச்சி, அதாவது 11 முதல் 13 டிகிரி வரைதான் இதற்குரிய பதம். நுரை குறைவு, பொங்கும் வாயு அதைவிடக் குறைவு. வறுத்த தானியத்தின் இனிப்பு முதலில் வந்து, பின்னால் வேப்பம்பூ ரசத்தைப் போல ஒரு கசப்பு நாவில் தங்குகிறது. வடிகட்டிக் கொல்லாமல், ஈஸ்ட் உயிரோடு இருக்க, பீப்பாய்க்குள்ளேயே நொதித்துப் பக்குவமாகும் பானம் இது. திறந்துவிட்டால் மூன்று நாள் அளவில் தீர்த்துவிட வேண்டும், இல்லையேல் புளித்துவிடும். காலையில் இனித்து அந்தியில் உறைக்கும் கள்ளை அறிந்தவர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கள்ளுக்கு ஒரு நாள், இதற்கு மூன்று நாள், அவ்வளவுதான். மரக்கறி உண்போருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: பீப்பாய்ப் பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம், கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பாட்டும் தொலைக்காட்சியும் இல்லை. அந்த ஒன்றுக்காகவே இன்னொரு முறை போகலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேறொரு பப்பில் வாங்கிய மீன் வறுவல் எண்ணெயில் ஊறித் துவண்டிருந்தது; மரவள்ளிக்கிழங்கும் மத்திக் குழம்பும் தொட்டுக்கொண்டு பழகிய நாக்கு அதை மன்னிக்கவில்லை. வயிற்றை வேறெங்காவது நிரப்பிக்கொண்டு வருவது உத்தமம்.

மேசையில் உட்கார்ந்து கையைத் தட்டினால் யாரும் வரமாட்டார்கள். கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டு, கோப்பையை நாமே தூக்கி வர வேண்டும். டிப்ஸ் வைக்கும் வழக்கமில்லை. வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்பது உள்ளே நிற்பவருக்குத் தெரியும். ஒரு பைன்ட் 568 மில்லி என்பதால் பழக்கமில்லாதவர்கள் அரை பைன்ட் கேட்கலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. விலை நம் பணத்தில் சில நூறு ரூபாய் ஆகும் என்பதால், மனக்கணக்குப் போடாமல் குடிப்பதே நிம்மதி. ஹோல்போர்ன் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்தும் நடந்தே வந்துவிடலாம். அலுவலகம் விடும் நேரத்துக்கு முன், பிற்பகல் மூன்று மணிவாக்கில் போனால் சிற்றறை கிடைக்கும்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் இரண்டாம் முறையாகப் போனோம். இம்முறை மகன் லெமனேட் வாங்கவில்லை. அரை பைன்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், தடுப்பின் மறுபக்கத்து அறையில் போய் உட்கார்ந்துகொண்டான். பூவேலைக் கண்ணாடி வழியே அவனுடைய தோள் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.