வரைந்த கோடு வண்டியிலும் அதே கோடாக இருக்குமா? கூகுள், பேஸ்கேம்ப், பி-ரௌட்டர்

பெங்களூரிலிருந்து ஏற்காடு போக வழி கேட்டால் எந்த மென்பொருளும் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர், ஓமலூர் என்று என்எச் 44-ஐத்தான் நீட்டும். காரில் போகிறவருக்கு அது சரி. பைக்கில் போகிறவருக்கு ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், மேச்சேரி என்று காட்டை ஒட்டிப் போக ஆசை இருக்கும். அதைக் கணினியில் வரைவது பத்து நிமிட வேலை. வரைந்த பிறகு ஹேண்டில்பாரில் இருக்கும் திரை அதே வழியைக் காட்டுகிறதா, அல்லது தேன்கனிக்கோட்டை தாண்டியதும் "வேகமான வழி இருக்கிறது" என்று ராயக்கோட்டைப் பக்கம் இழுக்கிறதா என்பதில்தான் இந்த ஒப்பீடே அடங்கியிருக்கிறது.

காசு கொடுக்காமல் கிடைப்பவற்றில் நம் பக்கம் உண்மையிலேயே புழங்குவது மூன்று: கூகுளின் வரைபடங்கள், ஜிபிஎஸ் கருவிகள் செய்யும் கார்மின் நிறுவனத்தின் பேஸ்கேம்ப், உலாவியிலேயே ஓடும் பி-ரௌட்டர். என் ஓட்டு பி-ரௌட்டருக்கு. கைப்பேசியை மவுண்டில் மாட்டி ஓட்டுகிறவரை மனதில் வைத்துச் சொல்கிறேன். கார்மின் கருவி வைத்திருப்பவர் கணக்கு வேறு, அதைப் பிறகு பார்க்கலாம்.

கூகுளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். புறப்படும் இடத்தையும் சேர்த்துப் பத்துப் புள்ளிகள் வரை போடலாம். கணினியில் கோட்டைப் பிடித்து இழுத்து வளைத்தால், கைப்பேசிக்கு அனுப்பும்போது அந்த வளைவு தொலைந்துபோவது உண்டு. நிறுத்தமாகச் சேர்த்த புள்ளிதான் நிற்கும். சொந்தமாக வரைபடம் வரைய கூகுள் தரும் மை மேப்ஸில் பத்து அடுக்குகள், ஒவ்வொரு வழி அடுக்கிலும் பத்துப் புள்ளிகள். நீண்ட பயணத்தைத் துண்டு துண்டாக வரையலாம். ஆனால் வரைந்த கோட்டின் மேலேயே டர்ன்-பை-டர்ன், அதாவது ஒவ்வொரு திருப்பத்தையும் சொல்லும் வழிகாட்டலோடு, ஓட முடியாது. கைப்பேசியில் அது வெறும் படமாகத் தெரியும். கூகுளின் கேஎம்எல் கோப்பாக இறக்கி, ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருளில் ஜிபிஎக்ஸ் (பெரும்பாலான வழிகாட்டிச் செயலிகள் படிக்கும் பொதுக் கோப்பு வடிவம்) ஆக்கினால் வேறு செயலிக்குக் கொண்டுபோகலாம். அவ்வளவு சுற்றுவதற்கு நேராக வேறிடத்திலேயே வரைந்துவிடலாம். பெட்ரோல் பங்க் எத்தனை மணிக்குத் திறக்கும், ஓட்டல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் கூகுளை விட்டால் ஆளில்லை. சாலையைக் கண்ணால் பார்க்க 2022 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த ஸ்ட்ரீட் வியூவும் இருக்கிறது.

இனி முக்கியமான சங்கதி. ஜிபிஎக்ஸ் கோப்புக்குள் மூன்று விதமான சரக்கு இருக்கலாம்: தனிப் புள்ளி, ரூட், டிராக். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஜிபிஎக்ஸ் இதில் எது என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. குழப்பம் முழுக்க இங்கேதான் பிறக்கிறது.

ரூட் என்பது சில புள்ளிகளின் வரிசை மட்டும்தான். பெங்களூர், தளி, அஞ்செட்டி, பென்னாகரம் என்று நான்கு புள்ளி இருந்தால், அவற்றுக்கு இடையே எந்தச் சாலையில் போவது என்பதை வண்டியில் இருக்கும் கருவி தன்னிடமுள்ள வரைபடத்தை வைத்து, தன் அமைப்புகளின்படி புதிதாகக் கணக்குப் போடும். கணினியில் "டோல் வேண்டாம்" என்று வரைந்தீர்கள், கருவியில் அந்த டிக் இல்லை என்றால் வழி மாறும். கணினியில் இந்த மாத வரைபடம், கருவியில் மூன்று வருடப் பழசு என்றாலும் மாறும். டிராக் அப்படியில்லை. அது சில பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்று ஆயிரக்கணக்கான புள்ளிகளால் ஆன கோடு. கணக்குப் போட அதில் ஒன்றும் மிச்சமில்லை. கருவி அதைக் காட்டலாம், பின்தொடரலாம். இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது.

அதனால் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடம் எவ்வளவு அழகு, பொத்தான் எங்கே என்றெல்லாம் பார்ப்பதைவிட, சுத்தமான டிராக்கை எவ்வளவு சுலபமாகக் கையில் கொடுக்கிறது என்று பாருங்கள்.

பேஸ்கேம்ப் கொடுக்கும், சுற்றி வளைத்து. கார்மின் அதை மேம்படுத்துவதை நிறுத்திவிட்டது. இறக்கிக்கொள்ளலாம், விண்டோஸில் ஒழுங்காக ஓடுகிறது. நிறுவியவுடன் வரைந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே காடு மேடு பார்க்காமல் நேர்கோடு விழும். மென்பொருளில் பழுது என்று நினைத்துவிட வேண்டாம், வழி கணக்கிடத் தெரிந்த வரைபடம் உள்ளே இல்லை என்று பொருள். கார்மின் கருவியைக் கேபிளில் செருகினால் அதிலுள்ள வரைபடம் தெரியும். கருவி இல்லாதவர்கள், பலர் சேர்ந்து இணையத்தில் வரையும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைக் கார்மின் வடிவத்தில் இலவசமாகத் தரும் தளத்திலிருந்து வழி கணக்கிடக்கூடிய பதிப்பை இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டும். பிறகு மோட்டார்சைக்கிள் புரொஃபைலை (எந்த வண்டிக்கான வழி என்று சொல்லும் அமைப்பை) தேர்ந்தெடுத்து, எதைத் தவிர்க்க வேண்டும் என்று டிக் போட்டு வரையலாம்.

பேஸ்கேம்பின் ரூட்டில் ஒரு நல்ல குணம் உண்டு. நீங்கள் வைத்த புள்ளிகளுக்கு இடையே கணக்கிட்ட சாலை வடிவத்தையும் கோப்புக்குள் ஒளித்துவைத்து அனுப்பும். கணினியிலும் கருவியிலும் ஒரே வரைபடம், ஒரே பதிப்பு என்றால் வரைந்தது அப்படியே வரும். பதிப்பு வேறுபட்டால் கருவி அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானாகக் கணக்கிடும். ஒரே பதிப்பாகவே இருந்தாலும் வழியில் டீக்கடைக்கு ஒதுங்கினால் மறுகணக்கு தொடங்கிவிடும். அதற்குத்தான் கருவியின் மறுகணக்கை அணைத்துவையுங்கள், அல்லது கேட்டுவிட்டுச் செய் என்று அமையுங்கள் என்கிறார்கள். இன்னொன்று, புள்ளிகளை வெறுமனே விட்டால் ஒவ்வொன்றும் கட்டாயம் தொட வேண்டிய இடம் என்று கருவி எடுத்துக்கொள்ளும். ஒன்றைத் தவறவிட்டால் யூ-டர்ன் போடு என்று நச்சரிக்கும். வழியை வளைக்க மட்டும் வைத்த புள்ளிகளுக்கு "வந்துசேர்ந்ததை அறிவிக்க வேண்டாம்" என்ற அமைப்பைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கடைசியாக ரூட்டின் மேல் வலது சொடுக்கு செய்து டிராக் ஒன்றும் உருவாக்கிக் கூடவே அனுப்புங்கள். ரூட் சண்டித்தனம் செய்தாலும் டிராக் கோடு அடியில் தெரியும். டிராக்குக்கு 500 புள்ளிதான் என்று வரம்பு வைத்த பழைய கருவிகளுக்கு, பேஸ்கேம்பிலேயே வடிகட்டிக் குறைக்கலாம். கொண்டை ஊசி வளைவுகள் மழுங்கிப்போகும்.

இத்தனை முன்னேற்பாடும் கார்மின் வைத்திருப்பவருக்குத் தகும். கைப்பேசிக்காரருக்கு எதற்கு?

பி-ரௌட்டரில் நிறுவ ஒன்றுமில்லை, கணக்கு தொடங்க வேண்டியதில்லை. உலாவியில் திறந்து வரைபடத்தைச் சொடுக்கினால் புள்ளி, கோட்டை இழுத்தால் நடுப்புள்ளி. பின்னால் இருப்பது ஓபன்ஸ்ட்ரீட்மேப். ஏற்றுமதி செய்தால் வருவது டிராக். வரைந்தது முழுவதும் முகவரிப் பட்டையிலுள்ள இணைப்பிலேயே சேமிக்கப்பட்டுவிடும். அந்த இணைப்பைக் கூட்டாளிக்கு அனுப்பினால் அவரும் திறந்து திருத்தலாம்.

முதல் தவறு எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் நடக்கும். திறந்தவுடன் இருப்பது சைக்கிள் புரொஃபைல். அதை மாற்றாமல் வரைந்தால் ஏரிக்கரை, வரப்பு, மாட்டு வண்டிப் பாதை எல்லாம் வழியாகிவிடும். கார் புரொஃபைலுக்கு மாற்றுங்கள். மொபெட் புரொஃபைலும் உண்டு. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், அது 45 கிலோமீட்டர் வேக வண்டிக்கான கணக்கு.

கார் புரொஃபைலின் குறை, பைக்குக்கு மட்டும் உள்ள தடை அதற்குத் தெரியாது என்பது. பெங்களூர்-மைசூர் விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லை, சர்வீஸ் ரோடுதான். கார் புரொஃபைல் உங்களைக் கூச்சமே இல்லாமல் பிரதான பாதையில் ஏற்றும். நெடுஞ்சாலையைத் தவிர் என்ற டிக்கை நம்ப வேண்டாம். அந்தச் சாலையை வரைந்தவர் அதை எந்த வகையில் சேர்த்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. நன்றாக ஜூம் செய்து சர்வீஸ் ரோட்டின் மேல் புள்ளி வையுங்கள், அல்லது தடைப் பகுதி வரையும் கருவியால் அந்த இடத்தை மூடிவிடுங்கள். நேரத்தை வைத்து வரும் தடை எந்த மென்பொருளுக்கும் ஒழுங்காகத் தெரியாது. பெங்களூரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோட்டில் இரவு 10 முதல் காலை 5 வரை பைக்குக்கு அனுமதி இல்லை என்று 2022-ல் வந்த உத்தரவு விடியலுக்கு முன் கிளம்புகிறவர்களைத்தான் முதலில் பிடிக்கும். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் 2024 மே முதல் இருக்கும் இ-பாஸையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புள்ளி வைப்பதில் ஒரு பழக்கம் வேண்டும். சந்திப்பின் மேலோ ஊரின் நடுவிலோ வைக்காதீர்கள். வேண்டிய சாலைக்குள் திரும்பி முந்நூறு, நானூறு மீட்டர் தாண்டி வையுங்கள். நடுவே தடுப்புள்ள சாலையில் எதிர்ப்பக்கத்தில் விழுந்துவிட்டால், அடுத்த யூ-டர்ன் வரை போய்த் திரும்பி வந்து, மறுபடி திரும்பிப் போகும் வால் ஒன்று கோட்டில் முளைக்கும். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வழியில் ஏறிக் குப்பனூர் வழியில் இறங்க வேண்டுமென்றால், இறங்கும் சாலையின் நடுவில் ஒரு புள்ளி போதும். அது இல்லாவிட்டால் ஏறிய வழியிலேயே இறக்கிவிடும். தூரம் அதிகமான இரண்டு புள்ளிகளுக்கு இடையே கணக்கிடச் சொன்னால் இலவசச் சர்வர் பாதியில் கைவிட்டுப் பிழை காட்டும். நூறு கிலோமீட்டருக்கு ஒன்றாவது வைத்துக்கொண்டு போனால் சிக்கல் இல்லை.

வரைந்ததும் அலசல் பகுதியைத் திறந்தால், பாதையில் எத்தனை கிலோமீட்டர் தார், எத்தனை மண் என்று பிரித்துக் காட்டும். வரியைத் தொட்டால் அந்தத் துண்டு வரைபடத்தில் ஒளிரும். இது மற்ற இரண்டிலும் இல்லாத வசதி. கிராமச் சாலைகளில் பாதிக்கு மேற்பரப்பு விவரம் யாரும் நிரப்பியிருக்க மாட்டார்கள் என்பதால் "தெரியவில்லை" என்றே நிறைய வரும். அந்தத் துண்டுகளை மட்டும் செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிப் பாருங்கள். மண் சாலையின் நிறம் தனியாகத் தெரியும்.

கைப்பேசியில் இந்த டிராக்கை ஓட்ட, இணையமில்லாமலும் வேலை செய்யும் ஆஸ்மேண்ட் என்ற வரைபடச் செயலி. இலவசப் பதிப்பில் வரைபட இறக்கத்துக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. இந்தியா மாநிலவாரியாகப் பிரித்துக் கிடைப்பதால் கர்நாடகம், தமிழ்நாடு இரண்டும் போதும். கர்நாடகப் பகுதியில் ஊர்ப் பெயர்கள் கன்னட எழுத்தில் வந்தால் வரைபட மொழியைத் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். ஜிபிஎக்ஸை ஆஸ்மேண்டில் திறந்து, டிராக்கைப் பின்தொடரும் வழிகாட்டலைத் தொடங்குங்கள். சாலையோடு ஒட்டவைக்கும் அமைப்பைக் கொடுத்தால் குரல் வழிகாட்டல் தெளிவாக இருக்கும். அதற்கு விலையாகக் கோட்டை மறுபடி தன் வரைபடத்தில் பொருத்திப் பார்க்கும், பழைய வரைபடம் என்றால் சில இடங்களில் சறுக்கும். ஒட்டவைக்காமல் ஓடுவது பாதுகாப்பு. வழி விலகினாலும் மீதிக் கோட்டைத் தொடாமல் அதற்கே திரும்பக் கூட்டிவரும். அஞ்செட்டிக் காட்டுக்குள் சிக்னல் போய்விட்டாலும் எல்லாம் கைப்பேசியிலேயே இருப்பதால் கவலையில்லை. ஆர்கானிக் மேப்ஸ் என்ற இன்னொரு செயலி ஆஸ்மேண்டைவிட லேசானது, ஆனால் கோட்டைக் காட்டுமே தவிர அதன் மேல் வழிகாட்டாது.

பி-ரௌட்டரை இணையமின்றி ஆண்ட்ராய்டிலேயே ஓட்டவும் முடியும். வரைபடத் தரவு ஐந்து டிகிரிக் கட்டங்களாகக் கிடைக்கிறது. கிழக்கு 75, வடக்கு 10 என்று தொடங்கும் ஒரே கட்டத்தில் பெங்களூர், சேலம், கோவை, ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் வந்துவிடும். சென்னை அதற்குக் கிழக்கே உள்ள அடுத்த கட்டத்தில் வரும், மதுரை தெற்கே உள்ள அடுத்ததில்.

லினக்ஸ்காரர்கள் கியூமேப்ஷாக்கைச் சொல்வார்கள். பி-ரௌட்டரையே உள்ளே வைத்து ஓட்டக்கூடிய பலமான மென்பொருள், பழகத்தான் நாளாகும். வளைவான சாலைகளாகத் தேடித் தரும் கர்விகரை நம் மலைகளில் போதுமான அளவு ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் தராசில் ஏற்றவில்லை.

கார்மின் வாங்கியவர்கள் பி-ரௌட்டரில் வரைந்த டிராக்கையும் பேஸ்கேம்பில் இறக்குமதி செய்து கருவிக்கு அனுப்பலாம், இரண்டும் சண்டை போடாது. எதில் வரைந்தாலும் கிளம்புவதற்கு முந்தின இரவு ஏற்றிய கோப்பைக் கைப்பேசியிலோ கருவியிலோ திறந்து மொத்த தூரத்தைக் கணினி காட்டியதோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் சகஜம். அதற்கு மேல் இருந்தால் எங்கோ மறுகணக்கு நடந்திருக்கிறது. கோட்டைப் பெரிதாக்கித் தளி, அஞ்செட்டி, பென்னாகரம் மூன்றிலும் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.