கோரோக் விதையா, ஹைரூல் டுரியானா?

நின்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச் 3 அன்று வெளியிட்ட ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ வீடியோ விளையாட்டில், ஹைரூல் என்னும் கற்பனை நாட்டைச் சுற்றித் திரியும் லிங்க் என்ற வீரனுக்குத் தேடிச் சேர்க்க இரண்டு வகைச் செல்வங்கள் உண்டு. ஒன்று, இலையை முகமூடியாக அணிந்த கோரோக் என்னும் குட்டி வனதேவதைகள் ஒளிந்திருந்து, அகப்பட்டதும் கையில் தரும் விதை. மற்றொன்று, காட்டிலும் மேட்டிலும் பறித்து இரும்புச் சட்டியில் இட்டுச் சமைக்கும் காளான், கிழங்கு, மூலிகை, டுரியான் போன்ற பழம் ஆகியவை. மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் வேலை முடித்து ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபின், இரவில் ஒரு மணி நேரம் மட்டுமே விளையாடக் கிடைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, அந்த நேரத்தை இவ்விரண்டில் எதற்குச் செலவிடுவது என்பது வேடிக்கைக் கேள்வி அன்று.

விதைகள் மொத்தம் 900. மலையுச்சியில் காரணமே இல்லாமல் தனித்துக் கிடக்கும் கல்லைத் தூக்கினால் ஒன்று கிடைக்கும். வட்டமாக அடுக்கிய கற்களில் குறையும் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் இன்னொன்று. கல்லைத் தூக்கியதும் புகை கிளம்பி, ‘யாஹாஹா!’ என்ற கூவலோடு கோரோக் குதித்து எழும் அந்தக் கணத்துக்காகவே என் அக்காள் மகன் எந்த மலையைக் கண்டாலும் ஏறச் சொல்வான். இவ்விதைகளை ஹெஸ்டு என்னும் பருத்த கோரோக்கிடம் கொடுத்தால், அவன் தன் கிலுகிலுப்பைகளை ஆட்டி ஆடிவிட்டு, வாள், வில், கேடயம் வைக்கும் பையில் ஓர் இடத்தைக் கூட்டித் தருவான். இந்த விளையாட்டில் வாள் அடிக்கடி உடைந்து போகும் என்பதால், கூடுதல் இடம் என்பது தொடக்கத்தில் உயிர் காக்கும் உதவி. முதல் வாளிடத்துக்கு ஒரு விதையும் அடுத்ததற்கு இரண்டும் போதும். ஆனால் போகப் போக விலை ஏறிக்கொண்டே போவதால், முதல் ஐம்பது விதைகள் தரும் பயனை அடுத்த ஐம்பது தருவதில்லை.

எல்லா இடங்களையும் நிரப்ப 441 விதைகளே போதும் என்பதை நான் அறிந்தபோது வரைபடத்தில் பாதியைக்கூடக் கடந்திருக்கவில்லை. மீதமுள்ள 459 விதைகளையும் தேடிச் சேர்த்து 900-ஐ முடித்தால் கிடைக்கும் பரிசு, சுருண்ட சாணக் குவியல் வடிவில் பொன்னிறத்தில் மின்னும் ஒரு பொருள். அது நாற்றம் அடிக்கிறது என்று அதன் விளக்கக் குறிப்பே சொல்கிறது. ‘முழுவதையும் தேடாதே, வழியில் தென்படுவதை மட்டும் எடுத்துக்கொள்’ என்று வடிவமைத்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாற்றம் என்று வந்துவிட்டால் பினாங்குக்காரன் டுரியானைப் பேசாமல் இருக்க முடியாது. ஹைரூலின் பழங்களில் டுரியானும் ஒன்று. ‘பழங்களின் அரசன்’ என்ற நம் ஊர்ப் பட்டத்தையும் அதன் வாடையையும் விளையாட்டின் குறிப்பு மறவாமல் சொல்கிறது. அடிக்கடி மழை பெய்யும் ஃபாரோன் பகுதியில், கோபுரத்துக்கு அருகே உள்ள மேட்டு நிலத்தில் இம்மரங்கள் கூட்டமாக நிற்கின்றன. ஈரப் பாறையில் லிங்க் வழுக்கி விழுவதால், மழை ஓயும்வரை ஒதுங்கி நின்றுதான் ஏற வேண்டும். முதன்முறை நான் மரத்தில் ஏறிப் பழத்தைப் பறித்தபோது, அருகில் இருந்த அக்காள் மகன், “மாமா, மரத்துலேருந்து பறிச்சா காயாத்தானே இருக்கும்?” என்று கேட்டான். பாலிக் பூலாவ் மலைச்சரிவுகளில் மரத்தடியில் வலை கட்டி, தானாக விழும் பழத்துக்காகக் காத்திருப்பதையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு எழ வேண்டிய ஐயம்தான் அது.

அந்தப் பழத்தைத் தனியே ஒன்றே ஒன்றைச் சமைத்தாலும், லிங்க்கின் உயிரளவைக் காட்டும் இதயங்களில் இழந்தவை அனைத்தும் நிரம்பி, மேலும் நான்கு மஞ்சள் இதயங்கள் தற்காலிகமாகச் சேரும். ஒரு சட்டிக்கு ஐந்து பொருள்கள் வரை இடலாம் என்பதால் ஐந்து டுரியான்களைப் போட்டால் 20 கூடுகிறது. ஐந்து இதயங்களே வைத்திருந்த என் லிங்க், 25 இதயங்களோடு சண்டைக்குப் போனான். ஆயினும் ஐந்தையும் ஒரே உணவாக்குவதைவிட, ஒவ்வொன்றாகச் சமைத்து ஐந்து முறை முழு உயிர் பெறுவதே சிக்கனம். (நம் வீடுகளில் சமைத்த டுரியான் என்றால் தேங்காய்ப்பாலில் காய்ச்சிப் புளூட் என்னும் ஒட்டும் அரிசியோடு உண்ணும் செராவாதான், அந்தச் சட்டியில் அது வராதது எனக்கு ஒரு குறை.)

குறைகள் இந்தப் பக்கமும் உண்டு. சமைத்த உணவுக்குப் பையில் 60 இடங்கள்தாம். குளிரைத் தாங்க வைக்கும் மிளகாயையும் டுரியானையும் ஒன்றாக இட்டால் ஒன்றின் குணத்தை மற்றொன்று அழித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பை நிறைய டுரியான் இருந்துவிட்டால் எந்தச் சண்டையிலும் அச்சம் மிஞ்சுவதில்லை. அடி வாங்கும்போதெல்லாம் ஆட்டத்தை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுத் தொடரும் சோம்பல் எனக்குள் குடியேறியதை மறைப்பதற்கில்லை. விதை தேடுபவனோ அந்நேரத்தில் நிலத்தைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொள்கிறான்.

இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. சாலையோரச் சிலைகள் சிலவற்றின்முன் ஆப்பிள் படைத்த கிண்ணங்கள் இருக்கும். வெறுமையாக உள்ள கிண்ணத்தில் நாமும் ஓர் ஆப்பிளை வைத்தால் கோரோக் தோன்றி விதை தருவான். பறித்தது விதையாக மாறும் இந்தப் படையல் புதிர்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. என் தேர்வைக் கேட்டால், முதல் நூறு விதைகள்வரை தேடிவிட்டு, அதன்பின் கிடைக்கும் இரவுகளை ஃபாரோன் மேட்டுக்கே கொடுங்கள் என்பேன். எடுத்த விதை எடுத்ததுதான், பறித்த மரமோ மீண்டும் காய்க்கும்.

2023 மே 12 அன்று இவ்விளையாட்டின் தொடர்ச்சியாக ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ வந்தபோது விதைகளின் எண்ணிக்கை 1000 ஆகியிருந்தது. அக்காள் மகன் நேரே ஃபாரோனுக்குப் போய் மரம் மரமாகத் தேடினான். அந்த விளையாட்டில் டுரியானே இல்லை. அரை மணி நேரம் கழித்துக் கைப்பிடியை என்னிடம் நீட்டி, “சீசன் முடிஞ்சிருச்சு போல, மாமா” என்றான்.