பி.எஸ்.6 லாரிகளின் எஸ்.சி.ஆர். அமைப்பு: நெடுஞ்சாலையில் நிறைவு, குவாரியில் குறை

நாமக்கல்லிலிருந்து வடமாநிலங்களுக்கு லோடு ஏற்றிச் செல்லும் லாரிகளையும், கல்குவாரிக்கும் கட்டுமான இடங்களுக்கும் இடையே ஓடும் டிப்பர்களையும் ஒரே ஷெட்டில் வைத்துப் பராமரித்துவருபவன் என்ற முறையில், பி.எஸ்.6 எனப்படும் புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில், யூரியா திரவத்தைப் பீய்ச்சிப் புகையைச் சுத்தம் செய்யப் பொருத்தப்பட்டிருக்கும் எஸ்.சி.ஆர். அமைப்பைப் பற்றி எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் வண்டி சிறந்தது என்ற ஒப்பீடு அல்ல இது. இன்று எந்தக் கனரக டீசல் லாரி வாங்கினாலும் பெரும்பாலும் இந்த அமைப்பும் கூடவே வருவதால், அதை மட்டும் தனியே எடுத்து மதிப்பிடுகிறேன்.

முதலில் அது செய்யும் வேலை. டீசல் இன்ஜினில் எரிதல் எவ்வளவு சூடாக நடக்கிறதோ அவ்வளவுக்கு மைலேஜ் கிடைக்கும், கரித்துகளும் குறையும்; ஆனால் அதே சூட்டில்தான் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு என்ற மாசு வாயுவாக மாறுகின்றன. 2020 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதி, கனரக இன்ஜின்களுக்கான இந்த வாயுவின் வரம்பைக் கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமிலிருந்து, நிலையான ஓட்டச் சோதனையில் 0.4 கிராமுக்கு இறக்கிவிட்டது. புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். முறையை மட்டும் நம்பி இந்த அளவை எட்டுவது மிகக் கடினம். முந்தைய பி.எஸ்.4 விதிக் காலத்தில் யூரியா தேவைப்படாத ஐ.இ.ஜி.ஆர். என்ற இ.ஜி.ஆர். வகையின் வழியில் சென்ற அசோக் லேலண்ட் நிறுவனமே பி.எஸ்.6-இல் எஸ்.சி.ஆர். பக்கம் வந்ததற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

புகை முதலில் ஆக்சிஜனேற்ற வினையூக்கியையும், பிறகு கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியையும் கடக்கிறது. அதற்குப் பின்தான் டி.இ.எஃப். திரவம், அதாவது 32.5 சதவீத யூரியாவும் மீதி கனிமம் நீக்கிய நீரும் கலந்த கரைசல், சூடான புகைக்குழாய்க்குள் பீய்ச்சப்படுகிறது. சூட்டில் யூரியா சிதைந்து அம்மோனியா உண்டாகி, வினையூக்கியின் மேற்பரப்பில் நைட்ரஜன் ஆக்சைடுடன் வினைபுரிந்து, வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக வெளியேறுகிறது. வேதியியல் என்ற அளவில் இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறைகள் எல்லாம் அந்தத் திரவத்தைச் சுற்றியும் சூட்டைச் சுற்றியுமே இருக்கின்றன.

நெடுந்தூர லாரிகளில் இந்த அமைப்பு நல்ல பெயர் வாங்கிவிட்டது. முழு லோடுடன் சீராக ஓடும் வண்டியின் புகைக்குழாய் எப்போதும் போதிய சூட்டில் இருப்பதால், பீய்ச்சிய திரவம் முழுவதும் ஆவியாகி வேலை செய்துவிடுகிறது. 100 லிட்டர் டீசலுக்கு நான்கைந்து லிட்டர் டி.இ.எஃப். செலவாகும் என்று கணக்கு வைத்துக்கொள்வது எங்களுக்கு ஒத்துவருகிறது. இது கூடுதல் செலவுதான் என்றாலும், இன்ஜினை மைலேஜுக்குச் சாதகமான சூட்டில் ஓட்ட முடிவதால் ஒரு பகுதி டீசலில் திரும்பிவிடுகிறது.

டிப்பர்களின் கதை வேறு. சிறு தூரம் ஓடி, வரிசையில் இன்ஜினை அணைக்காமல் நின்று, காலியாகத் திரும்பும் வண்டியில் புகையின் சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே கிடக்கிறது. அந்தச் சூட்டில் திரவம் பீய்ச்சப்படுவதே பெரும்பாலும் நிறுத்திவைக்கப்படுகிறது. பீய்ச்சப்பட்டாலும் பாதி வெந்த யூரியா குழாயின் உட்சுவரில் படிந்து இறுகுகிறது. எங்கள் டிப்பர் ஒன்றின் இன்ஜெக்டரைக் கழற்றியபோது அதன் முனையைச் சுற்றிக் கற்கண்டுபோல் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்தது. யூரியா கறைதானே என்று வெந்நீரில் ஊறவைத்தால் வெளிப்பூச்சு கரைந்தது, உள்ளே இருந்தது அசையவில்லை. யூரியா அங்கே சயனூரிக் அமிலம் போன்ற வேறு பொருள்களாக மாறிவிடுவதால் அதைக் கரைக்க மிகுந்த சூடு வேண்டும். குறுந்தூர வேலைக்கு வண்டி எடுப்பவர்கள் விற்பனையாளரிடம் மைலேஜைக் கேட்பதற்கு முன், நின்ற இடத்திலேயே ரீஜெனரேஷன், அதாவது புகைக்குழாயைச் சூடேற்றிப் படிவுகளை எரித்து நீக்குதல், செய்யும் வசதி எப்படி இருக்கிறது என்று கேட்பது நல்லது.

அடுத்தது திரவத்தின் தரம். ஐ.எஸ்.ஓ. 22241 தரத்தின்படி யூரியா அளவு 31.8 முதல் 33.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சாலையோரக் கடையொன்றில் மலிவாகக் கிடைத்த கேனிலிருந்து ஒரு சொட்டை, கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ஒளிவிலகல்மானியில் வைத்துப் பார்த்ததில் 30-ஐக்கூடத் தொடவில்லை. வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. வேப்பெண்ணெய் பூசிய அந்த யூரியாவில் பையூரெட் என்ற கலப்புப் பொருள் 1.5 சதவீதம் வரை இருக்கலாம், டி.இ.எஃப். திரவத்துக்கு அனுமதி 0.3 சதவீதம் மட்டுமே. எண்ணெயும் உப்பும் வினையூக்கியைக் கெடுத்துவிட்டால் லட்சக்கணக்கில் செலவு நிற்கும். தவிர, மானிய உரத்தை வண்டிக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம்.

நல்ல திரவமும் எங்கள் ஊர் வெயிலில் நெடுநாள் தாங்காது. 25 டிகிரியில் 18 மாதம் கெடாத சரக்கு, 35 டிகிரியில் ஆறு மாதத்துக்குள் தீர்க்கப்பட வேண்டியது. ஆகவே தகரக் கூரையின் கீழ் மொத்தமாக வாங்கி அடுக்குவதில் லாபமில்லை. அளப்பதற்குப் பித்தளைக் குடுவையையோ ஜி.ஐ. வாளியையோ பயன்படுத்தவும் கூடாது. உலோகம் அரித்து அதன் துணுக்கு திரவத்தில் கலந்துவிடும்.

வடிவமைப்பில் நான் பாராட்டுவது ஒன்றுண்டு. டி.இ.எஃப். நிரப்பும் குழல் 19 மில்லிமீட்டர், லாரிக்கான டீசல் குழல் 22 மில்லிமீட்டர் என்று வைத்திருப்பதால் டி.இ.எஃப். ஊற்றும் நீலமூடி டேங்கில் டீசல் குழல் நுழையாது. ஆனால் புனல் வைத்துக் கேனிலிருந்து ஊற்றும்போது இந்தப் பாதுகாப்புக்கு அர்த்தமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் பம்ப் சிறிது நேரம் மெல்ல முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். பல அமைப்புகளில் குழாயில் மிஞ்சிய திரவத்தை அது டேங்குக்கே இழுத்துக்கொள்கிறது. அது அடங்குவதற்குள் பேட்டரி சுவிட்சை அணைக்கும் ஓட்டுநர்களின் வண்டிகளில்தான் எங்களுக்கு அடைப்பு அதிகம் வருகிறது.

திரவம் தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ முதலில் விளக்கு எரியும், பிறகு இழுவை குறையும், கடைசியில் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். பலர் திட்டும் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் யாரும் திரவம் ஊற்றமாட்டார்கள் என்பதால் அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. எரிச்சல் தருவது நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் பழுதானாலும் அதே தண்டனை கிடைப்பதுதான். இரவில் மலைப்பாதையில் லோடுடன் நிற்கும் ஓட்டுநருக்கு அது சென்சார் பழுதா, திரவக் கோளாறா என்று டேஷ்போர்டு தெளிவாகச் சொல்ல வேண்டாமா?

இந்தத் தொல்லையைத் தவிர்க்க, சென்சாரை ஏமாற்றும் சிறு மின்னணுப் பெட்டியை மாட்டித் தருவதாகச் சில பட்டறைகளில் சொல்கிறார்கள். அது சட்டவிரோதம்; வாரன்டியும் போய்விடும். பழைய பி.எஸ்.6 லாரி வாங்கப்போகிறவர்கள், நீலமூடியைத் திறந்து டேங்கில் திரவம் இருக்கிறதா, மூடியின் ஓரத்தில் தூசி அப்பி நாள்கணக்கில் திறக்கப்படாமல் கிடக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு விலையைப் பேசவும்.