நேப்பிள்ஸில் கப்பல் நிற்கும் எட்டு மணி நேரம்: பொம்பெயா, ஹெர்குலேனியமா?

காலை 8 மணிக்குச் சுற்றுலாக் கப்பல் இத்தாலியின் நேப்பிள்ஸ் வந்து சேர்கிறது, மாலை 4 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தாளில் எட்டு மணி நேரம். இறங்கும் வரிசையில் முக்கால் மணி நேரம் போய்விடும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். ரயில் தாமதமாகலாம் என்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால், நமக்கென்று மிஞ்சுவது ஐந்தேமுக்கால் மணி நேரம்தான். இதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எல்லோர் வாயிலும் வரும் பெயர் பொம்பெய், எரிமலை வெடித்துப் புதைந்துபோன பழைய ரோமானிய ஊர். துறைமுகத்துக்கு எதிரிலேயே முனிச்சிப்பியோ மெட்ரோ நிலையம். மூன்று நிறுத்தம் தாண்டினால் கரிபால்டி. அங்கே சிர்க்கும்வெசுவியானா ரயிலுக்கு மாறி முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். காத்திருப்பையும் சேர்த்தால் போக வர இரண்டரை மணி நேரம் போச்சு. மீதி மூன்று மணி நேரத்தில் பார்க்க வேண்டியது 66 ஹெக்டேர் ஊர், அதில் மூன்றில் இரண்டு பங்குதான் தோண்டியிருக்கிறார்கள் என்றாலும். சந்தை மைதானத்தையும் குளியல் கூடத்தையும் பார்த்துவிட்டு, வண்டிச் சக்கரம் தேய்த்த கல் தெருவில் பாதி தூரம் நடப்பதற்குள் மணி பார்க்கத் தொடங்கிவிடுவோம். ஆம்ஃபிதியேட்டர் என்னும் திறந்தவெளி அரங்கம் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. வெயிலுக்கு ஒதுங்க நிழலும் குறைவு. 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, டிக்கெட்டில் பெயரும் போடுகிறார்கள். முன்பதிவு செய்யாமல் போவது வீண் தலைவலி.

என் ஓட்டு, அதே எரிமலை புதைத்த இன்னொரு ரோமானிய ஊரான ஹெர்குலேனியத்துக்கு. அதே ரயில்தான், ஆனால் சுமார் இருபது நிமிடத்தில் எர்க்கொலானோவில் (அந்த இடத்தின் இன்றைய பெயர்) இறங்கிவிடலாம். கடலை நோக்கிச் சரியும் தெருவில் நேராகப் பத்து நிமிட நடை. (திரும்பும்போது அது ஏற்றம், முட்டி வலிக்காரர்கள் கவனிக்கவும்.) தோண்டிய பகுதி நாலரை ஹெக்டேர்தான். இரண்டு மணி நேரத்தில் நிதானமாகவே பார்த்து முடித்துவிடலாம்.

சிறியது என்பதால் மட்டும் சொல்லவில்லை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயில் மணிக்கணக்கில் கல்லும் சாம்பலும் கொட்டிக் கூரைகள் இடிந்து விழுந்தன. ஹெர்குலேனியத்தையோ கொதிக்கும் வாயுவும் சாம்பலும் அலையலையாக வந்து ஆழமாக மூடிவிட்டன. அதனால் மரம் எரிந்து போகாமல் கரியாகி அப்படியே நின்றுவிட்டது. ஒரு வீட்டில் மடக்குக் கதவு போன்ற மரத் தடுப்பு ஒன்று இருக்கிறது. அடுப்புக்கரி போலக் கறுத்திருக்கிறது, ஆனால் விளக்கு மாட்டும் வெண்கலக் கொக்கிகள் கூட அப்படியே இருக்கின்றன. மாடி வீடுகளும் உண்டு. கீழே பழைய கடற்கரையில் படகுக் கொட்டடிகள். கடல் வழியே தப்பலாம் என்று அங்கே வந்து ஒண்டிய சுமார் முந்நூறு பேரின் எலும்புகள் 1980க்குப் பிறகுதான் வெளிவந்தன. இப்போது அங்கே கிடப்பவை அச்சு வார்ப்புகள். தெரிந்தும் தொண்டை அடைக்கிறது.

வயதானவர்களோடு வந்திருந்தாலோ மழை பிடித்துக்கொண்டாலோ இரண்டையும் விட்டுவிட்டு, அதே முனிச்சிப்பியோவில் எதிர்த் திசை ரயில் ஏறுங்கள். மூன்றாவது நிறுத்தம் மியூசியோ, தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். பொம்பெயில் எடுத்த சிறந்த பொருள்களில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. நம் நாட்டிலிருந்து போன ஒரு தந்தச் சிலையும் உண்டு. 1938இல் பொம்பெயில் கிடைத்தது, லட்சுமி என்று பெயராகிவிட்டது, யட்சியாக இருக்கலாம் என்பாரும் உண்டு. ஒரு சாண் உயரம்தான். அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை.

காப்ரி தீவு? பக்கத்துத் துறையிலிருந்தே வேகப்படகு, சுமார் ஐம்பது நிமிடம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, நீங்கள் தீவில், கப்பல் கரையில். வேண்டாம்.

கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவுக்குக் காசு அதிகம்; ஆனால் அவர்கள் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனால் காத்திருக்காது. பொம்பெய்தான் என்று அடம்பிடிப்பவர்கள் அதிலேயே போகட்டும்.

ஹெர்குலேனியம் போனவர்கள் ஒரு மணிக்குள் கரிபால்டி வந்துவிடலாம். அங்கிருந்து மெட்ரோ வேண்டாம், பழைய ஊர்ச் சந்துகள் வழியே நடங்கள். தெருக்கடையில் பீட்சாவை நான்காக மடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். சூடு ஆறுவதற்குள் கடிக்காதீர்கள், தக்காளிச் சாறு முழங்கை வரை வழியும்.