பழைய பட்டுப்புடவைக்குக் கரை மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

உடல் இற்றுப்போன பழைய காஞ்சிபுரம் புடவையின் கரையை வெட்டி, புதுப் பட்டில் இணைத்துத் தருகிறோம் என்று பலகை மாட்டியிருக்கும் கடைகள் பெருகிவிட்டன. அப்படி ஒரு கடையில் என் பாட்டியின் கூறைப்புடவையைக் கொடுத்தேன். புது உடல் வந்தது, கேட்டதுதான். கரையும் புதிதாக வந்தது. அதை யார் கேட்டார்கள்?

அரக்கு உடல், பச்சைக் கரை. கரையில் அன்னமும் யாளியும் மாறி மாறி வரும். துளையிட்ட அட்டைகளால் உருவம் எடுக்கும் ஜக்கார்டு கருவி புழக்கத்துக்கு வருமுன், தறியில் அடை கட்டி, அதாவது பாவு இழைகளை நூலால் கட்டித் தூக்கி, எடுத்த உருவங்கள். கரையையும் உடலையும் தனித்தனி நூலில் நெய்து, சேருமிடத்தில் பிணைக்கும் கோர்வை வேலை என்பதால், ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் தனித்தனியே ஒன்று. நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னோர் ஆளும் உட்கார்ந்தால்தான் தறி ஓடும். உடல் மடிப்புக்கு மடிப்பு கிழிந்திருந்தது. கரைக்கு ஒரு குறையும் இல்லை, ஓர் அன்னத்தின் கழுத்து மட்டும் சற்றே கோணல். எங்கோ ஓர் இழை தப்பியிருக்கிறது. சின்ன வயதில் அதை எத்தனை முறை தடவிப் பார்த்திருப்பேன்!

திரும்பி வந்த கரையில் எல்லா அன்னங்களும் அச்சில் வார்த்தவை. சரிகை கண்ணைப் பறித்தது. கேட்டேன். “பாலிஷ் போட்டிருக்கிறோம் அம்மா, அதனால்தான் பளிச்சென்று இருக்கிறது” என்றார் கடைக்காரர். ரோல் பாலிஷ் என்றால் கஞ்சி ஏற்றி உருளையில் கொடுத்து விறைப்பாக்குவது. அது கோணல் கழுத்தை நிமிர்த்துமா?

வீட்டில் ஒரு முழம் தையலைப் பிரித்தேன். கோர்வைக் கரையை வெட்டும்போது பழைய உடலில் ஒரு விரற்கடையாவது சேர்த்துத்தான் வெட்ட முடியும். கரையை ஒட்டி வெட்டினால் பிணைப்பே அவிழ்ந்துவிடும். ஆகவே தையலுக்குள் அரக்கு நிறம் மடிந்திருக்க வேண்டும். இருந்ததோ பச்சை. மீட்டர் கணக்கில் விற்கும் விசைத்தறிக் கரை. சரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளை நூல். அசல் சரிகையில் சிவப்புச் சாயமேற்றிய பட்டு இழைமேல் வெள்ளித் தகடு சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசியிருப்பார்கள். சந்தேகம் தீர, தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்துக் காட்டினேன். பெரும்பங்கு செம்பு.

இந்த மோசடியின் ஆதாயம் துணியில் இல்லை, உலையில் இருக்கிறது. பழைய அசல் சரிகையை எரித்து உருக்கினால் வெள்ளி தனியே வந்துவிடும். “பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம்” என்று தெருவில் கூவிக்கொண்டு போகிறவர்கள் வாங்குவதும் அதற்காகத்தான். அவர்களாவது வாங்குகிறோம் என்று சொல்லி ஏதோ ஒரு தொகையைக் கையில் கொடுக்கிறார்கள். இவர் என்னிடம் கூலியும் வாங்கிக்கொண்டு எடுத்துக்கொண்டார்.

மறுபடி போய்ப் பிரித்த இடத்தைக் காட்டியதும் பேச்சு மாறியது. “உங்கள் கரை தேறவில்லை அம்மா, நல்லதாக மாற்றிப் போட்டோம்.” அப்படியானால் என் கரை எங்கே? “கழிவில் போய்விட்டது.” கூலியை வேண்டுமானால் திருப்பித் தருகிறாராம். ரசீதில் “பார்டர் வேலை” என்ற இரண்டே சொற்கள். எந்தக் கரை, யாருடையது, என்ன சரிகை, ஒன்றும் இல்லை. முழுப் பித்தலாட்டமும் அந்த இரண்டு சொற்களுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

புது உடலில் சில்க் மார்க் அட்டை தொங்குகிறதே என்று ஒரு சமாதானமும் சொன்னார். அந்த முத்திரை பட்டு அசல் பட்டுதானா என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். சரிகையைப் பற்றி அது வாயே திறக்காது. இதை விற்பனையாளர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் சரிகையின் வெள்ளி அளவைச் சோதித்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கரையை முழு நீளத்துக்கும், முன்னும் பின்னும், படம் எடுங்கள்; நெசவுப் பிசகு இருந்தால் அதைக் கிட்டத்தில் எடுங்கள், அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. முடிந்தால் கரையை உங்கள் கண்ணெதிரே வெட்டச் சொல்லி, உள்மடிப்பில் கையெழுத்துப் போடுங்கள். “வாடிக்கையாளரின் பழைய கரையே இணைக்கப்படும்” என்று ரசீதில் எழுத மறுக்கும் கடையில் புடவையைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். முந்தியையும் மறக்காதீர்கள். சரிகை அங்கேதான் அதிகம்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பாட்டி அந்தப் புடவையில் நிற்கும் படங்களும், தங்கையின் திருமணத்தில் நான் உடுத்திய படமும் சான்றாக இணைந்திருக்கின்றன. பெரிதாக்கினால் கோணல் கழுத்து அன்னம் தெரிகிறது. இதே வேலைக்குக் கொடுத்து வாங்கியவர்கள் கரைத் தையலை நாலு விரல் நீளம் பிரித்துப் பாருங்கள். பழைய உடலின் நிறம் உள்ளே இல்லை என்றால் தாமதிக்காதீர்கள், இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்தாக வேண்டும்.