சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில் எட்டாண்டு மின் பாதுகாப்புச் சோதனை: ஓர் அனுபவப் பகிர்வு

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கோயிலை ஒட்டியுள்ள திருமண மண்டபத்தின் பராமரிப்புப் பொறுப்பு 2016ஆம் ஆண்டில் என்னிடம் வந்தது. கலியாணம், கருமாதி, தைப்பூசக் காவடிக்கு வரும் கூட்டத்துக்கான அன்னதானம் என்று ஓய்வில்லாமல் பயன்படும் கட்டடம் அது. 2016 முதல் 2024 வரை அதன் மின் நிறுவலைச் சோதிக்க ஏற்பாடு செய்ததில் நான் கற்றுக்கொண்டவற்றை, இதே பொறுப்பில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். தென்னாப்பிரிக்காவின் 2009ஆம் ஆண்டு மின் நிறுவல் ஒழுங்குவிதிகளின்படி, நிறுவலின் பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும் அதைப் பயன்படுத்துபவரோ வாடகைக்கு விடுபவரோதான் பொறுப்பு, எல்லோரும் சி.ஓ.சி. என்று சொல்லும் இணக்கச் சான்றிதழும் அவரிடம் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும் என்று எங்கள் குழுவில் பலரும் நம்பியிருந்தார்கள். உண்மையில் இரண்டு ஆண்டு என்னும் வரம்பு கட்டடம் கைமாறும்போது மட்டுமே பொருந்தும். கை மாறாத ஒரு கோயில் மண்டபத்துக்கு, புதிய வேலை எதுவும் செய்யாத வரையில், மறுசோதனைக்கு உரிய நாள் இதுவென்று யாரும் நினைவூட்ட மாட்டார்கள். அந்த நாளை நாமே குறித்துக்கொள்ள வேண்டும்.

2016இல் குறைந்த விலை சொன்ன ஒருவரை அழைத்தோம். அவர் அரை மணி நேரத்தில், மின்சாரத்தைப் பல சர்க்யூட்டுகளாகப் பிரிக்கும் டிபி போர்டின் மூடியைக்கூடக் கழற்றாமல், சான்றிதழில் கையெழுத்திட்டுச் சென்றார். உடன் வந்த சோதனை அறிக்கையில் எல்லாக் கட்டங்களிலும் ‘சரி’ என்ற குறி மட்டுமே இருந்தது, அளந்த எண் ஒன்றுகூட இல்லை. அதை நான் கேள்வி கேட்காமல் கோப்பில் வைத்தேன். இன்றும் அது என் மனத்தை உறுத்துகிறது. ஏனென்றால் 2018இல் வந்த இன்னொரு எலக்ட்ரீஷியன் ஒரு நாள் முழுவதும் சோதித்து, சமையலறையில் பிற்பாடு சேர்த்த இரண்டு பிளக் பாயின்டுகள் எர்த் லீக்கேஜ் என்னும் மின்கசிவுக் காப்புக் கருவி வழியாகச் செல்லாமல் நேராக இணைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய அந்தக் கருவியின் காவல் இல்லாத பிளக்குகளில்தான், ஈரக் கையோடு எங்கள் பெண்கள் இத்தனை ஆண்டுகளாக கிரைண்டரை இயக்கியிருக்கிறார்கள்.

அன்று முதல் யாரை அழைத்தாலும் அவருடைய பதிவு எண்ணையும் வகையையும் முதலில் கேட்கிறேன். எங்கள் மண்டபத்துக்கு மின்சாரம் மூன்று தனிக் கம்பிகளில் வரும் மூன்று ஃபேஸ் இணைப்பு என்பதால், ஒற்றை ஃபேஸ் சோதகராக மட்டும் பதிவு பெற்றவர் இங்கே சான்றிதழ் தர முடியாது. ஒவ்வொரு சர்க்யூட்டின் அளவீட்டையும் எண்ணாக எழுதித் தர வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை.

அந்த எண்களின் அருமை 2022இல்தான் முழுமையாகப் புரிந்தது. கம்பி உறையின் மின்தடையை 500 வோல்ட்டில் அளக்கும் இன்சுலேஷன் சோதனையில் ஒரு மெகா ஓமுக்கு மேல் இருந்தால் தேர்ச்சி. எங்கள் சமையலறை சர்க்யூட் 2018இல் 60, 2021இல் 22 என்று காட்டியது. அந்த ஏப்ரல் மாதப் பெருமழைக்கும் வெள்ளத்துக்கும் பின் அளந்தபோது 5ஆக இறங்கியிருந்தது. மூன்றுமே தேர்ச்சிதான். ஆனால் பழைய அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்த எலக்ட்ரீஷியன், இந்தச் சரிவுக்குக் காரணம் தெரியாமல் போக மாட்டேன் என்று கூரைக்குள் ஏறினார். புகைபோக்கியின் ஓரத்தில் நெடுநாளாகக் கசிந்த நீர் ஓர் இணைப்புப் பெட்டிக்குள் இறங்கி, கம்பிகள் பச்சை பூத்திருந்தன. எண் எழுதாத அறிக்கையால் இதைக் காட்டியிருக்கவே முடியாது.

சூடேறும் இணைப்புகளைக் காட்டும் வெப்பப் படம் எடுப்பதற்கு நேரம் மிக முக்கியம். முதல் முறை வெறுமையாகக் கிடந்த மண்டபத்தில் எடுத்தோம். சுமையே இல்லாததால் எதுவும் தெரியவில்லை. அடுத்த முறை ஒரு திருமண நாளில், அடுப்புகளும் குளிர்சாதனங்களும் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்ததில், பிரதான போர்டில் மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியின் இணைப்பு மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடேறியிருந்தது. சூடாகியும் ஆறியும் ஆண்டுக்கணக்கில் திருகு தளர்ந்துவிட்டது. மூன்று ஃபேஸ் நிறுவலில் பிரதான நியூட்ரல் அறுந்தால், சுமை குறைந்த ஃபேஸில் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400ஐ நெருங்கும் அழுத்தம் ஏறக்கூடும். ஆகவே கம்பிச் சோதனைகளை ஆளில்லாத வார நாளிலும், வெப்பப் படத்தை விழா நாளிலும் என இரண்டு வருகைகளாகப் பிரித்துக்கொண்டோம். செலவு கூடியதைக் குழுவில் சிலர் குறையாகச் சொன்னார்கள். என் கணக்கில் அது தகுந்த செலவு.

லோட் ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு கடுமையாக இருந்த 2023இல் பேட்டரியுடன் இன்வெர்ட்டர் பொருத்தினோம். அந்தப் பகுதிக்குப் புதிய சான்றிதழ் பெற வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் நகராட்சி மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் தனித்து ஓடும்போது, அதன் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாவிட்டால் எர்த் லீக்கேஜ் கருவி வேலை செய்யாமல் போகலாம் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது அந்தக் கருவியை நகராட்சி மின்சாரத்தில் ஒரு முறையும் இன்வெர்ட்டரில் ஒரு முறையும் சோதிக்கச் சொல்லி, இரண்டு முடிவுகளையும் தனித்தனியே எழுதி வாங்குகிறேன்.

இன்சுலேஷன் சோதனைக்கு முன், அதன் 500 வோல்ட்டில் கெட்டுவிடக்கூடிய ஒலிபெருக்கி, கேமரா ரெக்கார்டர், எல்.இ.டி. விளக்குகள் ஆகியவற்றைக் கழற்றி வைப்பது நம் வேலை என்று எண்ணிக்கொள்ளுங்கள். 2018இல் அதை மறந்ததால் ஒரு ரெக்கார்டரை இழந்தோம். மேலும், இந்தச் சோதனை நிலையான கம்பிகளுக்கு மட்டுமே உரியது. காவடிக்குப் போடும் தற்காலிக விளக்குச் சரங்களும் நீட்டிப்புக் கம்பிகளும் இதற்குள் வாரா. அவற்றை ஒவ்வொரு விழாவுக்கு முன்பும் ஒரு தொண்டர் கையில் எடுத்து முழம் முழமாகப் பார்க்கிறார்.

இன்னும் ஒரு குறை பாக்கி. பழைய போர்டில் இரண்டு பிரேக்கர்கள் எதற்குச் செல்கின்றன என்று இதுவரை கண்டறியப்படவில்லை, பெயர்ச்சீட்டும் இல்லை. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் விழா முடிந்த அடுத்த வாரம், மண்டபத்தை இரண்டு நாள் மூடி, அந்த இரண்டு கம்பிகளின் வழியையும் தேடிக் கண்டுபிடிப்பதாக எலக்ட்ரீஷியனோடு பேசி முடித்திருக்கிறேன்.